சுவருக்கும் வாய் உண்டு

சுவருக்கும் காது உண்டு என்று நம் பாட்டிமார் சொல்வார்கள். மாமியாரைப் பற்றி இரகசியம் பேசும் மருமகளுக்கு அது ஓர் எச்சரிக்கை. ஆனால் சுவருக்கு வாயும் உண்டு என்பதை அறிந்தவர்கள் நம்மில் சிலரே. ஓதம் என்பது அதன் முனகல். உப்புப் பூப்பது அதன் முறையீடு. விரிசல் அதன் கூக்குரல். இவற்றைக் கேட்டு, காரணம் இன்னதென்று விசாரிப்பதற்குப் பதிலாக, அதன் வாயில் துணியை அடைப்பதற்கே இன்று "வீட்டைப் புதுப்பித்தல்" என்று பெயர் கொடுத்திருக்கிறோம்.

விம்கோ நகரில் எனக்கு ஒரு நண்பர் இருக்கிறார். ரெயில் நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினார். பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்த சமயம் அது. சம்பந்தி வீட்டார் வந்து உட்கார வேண்டிய கூடத்தில், தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையில் பூச்சு பொரிந்து உதிர்ந்து, சுவர் அம்மைத் தழும்பு விழுந்த முகம் போல் நின்றது. கொத்தனாரை அழைத்தால் மாதக்கணக்கில் வேலை இழுக்கும் என்று பயந்த நண்பர், கடைத்தெருவில் விசாரித்தார். "இரண்டே நாள், ஸார்! அப்புறம் அந்தச் சுவரை நீங்க பார்க்கவே மாட்டீங்க!" என்றார் கடைக்காரர்.

அவர் சொன்னது முழுக்க முழுக்க உண்மை. இரண்டு நாளில் தேக்கு மரம் போல் அச்சிட்ட பிளாஸ்டிக் பலகைகள் சுவர் முழுவதையும் மூடிவிட்டன. கல்யாணம் விமரிசையாக நடந்தது. பலகையைத் தட்டிப் பார்த்து, "அசல் தேக்கோ?" என்று கேட்ட சம்பந்திக்கு நண்பர் ஒரு புன்னகையைப் பதிலாக அளித்தார்.

ஐப்பசி மழை பிறந்தது. ஈரத் துணியை டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்தாற்போல் ஒரு வாடை கூடத்தில் பரவிற்று. ஊதுவத்தி ஏற்றினார்கள், சாம்பிராணி போட்டார்கள். வாடை சாம்பிராணியுடன் சிநேகமாகிவிட்டது. நண்பருடைய வயோதிகத் தாயாருக்கு இழுப்பு உபத்திரவம் உண்டு. அது இரவெல்லாம் அதிகரித்தது. கடைசியாக ஒரு நாள் அந்த அம்மாள் விளக்கு ஸ்விட்சைத் தொட்டபோது கையைச் சுரீரென்று மின்சாரம் கடித்தது. அன்றுதான் பலகைகளைக் கழற்றத் தீர்மானித்தார்கள்.

நானும் அப்போது உடனிருந்தேன். முதல் பலகையைப் பெயர்த்ததும் ஒரு கூடைக் காரை பொலபொலவென்று கொட்டிற்று. உள்ளே கறுப்புப் பூஞ்சணம் படர்ந்து கிடந்தது. அதன் நடுவில் பஞ்சு போல் உப்புப் பூத்திருந்தது. ஸ்விட்சுப் பெட்டி துருப்பிடித்து நீர் கோத்திருந்தது. அழைத்து வந்திருந்த கிழ மேஸ்திரி உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பார்த்தார். பிறகு நண்பரைப் பார்த்தார்.

"செவுத்துக்கு வேர்க்குது, ஸார். வேர்க்கிற ஆளுக்கு ரப்பர் சட்டை போட்டுப் பொத்தானையும் மாட்டிட்டீங்க. உள்ளே அப்படியே வெந்து போச்சு."

"இனிமேல் என்ன செய்வது, மேஸ்திரி?"

"மொதல்ல தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்கணும். செவுரு அப்புறம்."

பல புத்தகங்களில் தேடியும் இதைவிடச் சுருக்கமான உபதேசம் எனக்குக் கிடைக்கவில்லை. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்துக்கு எழுதிய உரையே ஆகும்.

ஈரத்தின் ராஜ்யம்

விம்கோ என்பது ஊர்ப் பெயரன்று. சுவீடன் தேசத்தாரின் முதலைக் கொண்டு 1923-ஆம் வருஷத்தில் தோன்றிய வெஸ்டர்ன் இந்தியா மாட்ச் கம்பெனியின் சுருக்கப் பெயர். அந்தக் கம்பெனியின் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஒட்டி எழுந்த குடியிருப்புக்கு அந்தப் பெயரே நிலைத்தது. புறநகர் ரெயில் நிலையம் அதைத் தாங்கி நிற்கிறது. 2021 பிப்ரவரி மாதம் முதல் மெட்ரோ ரெயில் நிலையமும் தாங்குகிறது. தீக்குச்சிக்கு முதல் விரோதி ஈரம் என்பது அடுப்பு மூட்டிய எல்லோருக்கும் தெரியும். தீக்குச்சியின் பெயர் பூண்ட ஊரிலோ ஈரமே அரசு செலுத்துகிறது!

கிழக்கே சற்று நடந்தால் கடல். மேற்கே இருப்புப்பாதை, அதற்கு அப்பால் பக்கிங்ஹாம் கால்வாய், அதற்கும் அப்பால் மணலித் தொழிற்சாலைகள். வடக்கே கொசஸ்தலையாறு கடலில் கலக்கும் எண்ணூர் முகத்துவாரம். நிலத்தின் அடியிலும் நிம்மதி இல்லை. மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை இறைக்க இறைக்க, அந்த வெற்றிடத்தில் கடல் நீர் உட்புகுவதை 1960-களின் இறுதியிலிருந்தே நிபுணர்கள் அளந்து வந்திருக்கிறார்கள். கடற்காற்றில் உப்பு, ஆழ்குழாய்த் தண்ணீரில் உப்பு, சில வீடுகளில் கட்டின மணலிலேயே உப்பு. இத்தனை உப்பைத் தின்ற சுவர் தண்ணீர் குடிக்காமல் என்ன செய்யும்?

செங்கல்லின் உடம்பு முழுவதும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய துவாரங்கள். அகல் விளக்கின் திரி எண்ணெயை மேலே இழுப்பது போல், அஸ்திவாரத்திலுள்ள ஈரத்தை அவை மேலே இழுக்கின்றன. சாதாரணமாக இது தரையிலிருந்து மூன்றடி உயரம் வரையில் ஏறும். தண்ணீருடன் கரைந்த உப்பும் கூடவே பிரயாணம் செய்கிறது. சுவரின் மேற்பரப்பை அடைந்ததும் தண்ணீர் ஆவியாகிக் காற்றில் போய்விடும். உப்புக்குப் போக வழியில்லை. அது அங்கேயே தங்கிவிடும்.

"மழையும் இல்லை, குழாயும் ஒழுகவில்லை, ஆனாலும் சுவர் நனைகிறதே?" என்று கேட்பவர்கள் சமையலறைக்குச் சென்று உப்பு ஜாடியைத் திறந்து பார்க்கட்டும். கார்த்திகை மாதத்தில் அதில் யாரும் தண்ணீர் ஊற்றுவதில்லை, ஆனாலும் கசிகிறது. காற்றிலுள்ள ஈரப்பதம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டினால் சோற்றுப்பு காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைய ஆரம்பிக்கும். அதற்குக் குறைந்தால் மறுபடியும் படிகமாக உறையும். கடற்கரை ஊர்களில் பல நாட்கள் விடியற்காலையில் காற்று அந்த எல்லைக்கு மேலே இருக்கும். நடுப்பகலில் கீழே இறங்கும். ஆகவே சுவருக்குள் இருக்கும் உப்பு தினந்தோறும் கரைவதும் உறைவதுமாக இருக்கிறது. உறையும் ஒவ்வொரு தடவையும் படிகம் வளர்ந்து செங்கல்லின் துவாரங்களை உள்ளிருந்து நெருக்குகிறது. விதை முளைத்துக் கல்லைப் பிளப்பது போன்ற காரியந்தான் இது. முதலில் வர்ணம் கொப்பளிக்கும். அடுத்துப் பூச்சு உதிரும். கடைசியில் செங்கல்லே மாவாகும்.

திரை போடுவதால் வரும் தீமை

இந்த நிலையில் சுவருக்கு வேண்டியது மூச்சு. நாம் கொடுப்பது திரை. பிளாஸ்டிக் பலகை ஒரு திரை. பளபளப்பான பிளாஸ்டிக் வர்ணம் ஒரு திரை. கனமான சிமெண்டுப் பூச்சுங்கூட ஓரளவு திரைதான். மூன்றடியில் வெளியேற வேண்டிய ஈரத்தை அங்கே தடுத்தால், அது திரைக்குப் பின்னால் நான்கடி, ஐந்தடி என்று மேலே ஏறி வேறு வாசல் தேடும். ஜிப்சம் பூச்சோ இன்னும் பரிதாபம். ஜிப்சம் தண்ணீரில் சிறிது கரையும் குணமுடையது. ஈரச் சுவரில் அது சீக்கிரத்தில் களியாகிவிடும். பழைய காரையின் மேல் பட்டி பார்த்து வர்ணம் அடிப்பதும், புண்ணைக் கழுவாமல் கட்டுப் போடுவதும் ஒன்றே.

ஈரச் சுவரைக் காகிதத்தால் மூடி அழகு பார்த்த ஐரோப்பியர்கள் சென்ற நூற்றாண்டுக்கு முன்பே இந்தப் பாடத்தைப் படித்தார்கள். 1775-ஆம் வருஷத்தில் ஷீலே என்னும் சுவீடன் தேசத்து ரஸாயனி ஓர் அழகிய பச்சை வர்ணத்தைக் கண்டுபிடித்தார். அதில் ஆர்ஸெனிக் என்னும் பாஷாணம் கலந்திருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தகைய பச்சை வர்ணங்கள் பூசிய சுவர்க் காகிதம் மேல்நாட்டு வீடுகளில் மோகமாகப் பரவிற்று. ஈரமான வீடுகளில் காகிதத்தின் பின்னால் பூஞ்சணம் வளர்ந்தது. அந்தப் பூஞ்சணம் வர்ணத்தைத் தின்று ஆர்ஸெனிக் கலந்த ஒரு வாயுவை வெளிவிடக்கூடும் என்று 1890-களில் கோஸியோ என்ற இத்தாலிய விஞ்ஞானி பரிசோதித்துக் காட்டினார். அந்த வாயு எவ்வளவு கேடு செய்தது என்பதில் விஞ்ஞானிகளுக்குள் அபிப்பிராய பேதம் உண்டு. இன்றைய சுவர்க் காகிதத்தில் அந்தப் பாஷாணமும் இல்லை. ஆனால் ஈரமும் மறைவும் சேர்ந்த இடத்தில் பூஞ்சணம் குடித்தனம் செய்யும் என்ற விதி மாறவில்லை. இழுப்பு நோயாளிகளுக்கும் குழந்தைகளுக்கும் அதன் தூள் ஆகாது என்பதை எந்த வைத்தியரும் சொல்லுவார்.

கூக்குரல் கேட்ட காலை

ஓதத்தினால் வர்ணம் போகும், காசு போகும், தூக்கம் போகும். விரிசலை அலட்சியம் செய்தாலோ உயிரே போகலாம். இதற்கு உதாரணம் தேடி நாம் வெகுதூரம் செல்ல வேண்டியதில்லை. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் குடிசை மாற்று வாரியம் கட்டிய அடுக்கு வீடுகள் இருந்தன. கட்டி 30 வருஷங்கூட ஆகவில்லை. 2021 டிஸம்பர் 26-ஆம் தேதி இரவு, அவற்றுள் 24 வீடுகள் கொண்ட ஒரு பகுதியில் சுவர்களில் புதிய விரிசல்கள் தோன்றுவதைக் குடியிருந்தவர்கள் கண்டார்கள். மறுநாள் காலையில் விரிசல்கள் அதிகமாயின. ஜனங்கள் குழந்தைகளையும் முதியவர்களையும் அழைத்துக் கொண்டு வெளியேறினார்கள். அதற்குச் சற்று நேரத்திற்கெல்லாம் அந்தப் பகுதி முழுவதும் இடிந்து தரைமட்டமாயிற்று. வாயிற்று, பெட்டி, பாத்திரம், பள்ளிக்கூடப் புத்தகம் எல்லாம் கல்லுக்கடியில் போயின. ஆனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை.

வாசகர்கள் ஒரு நிமிஷம் யோசிக்க வேண்டும். அந்தச் சுவர்களைத் தேக்கு வர்ணப் பலகைகள் மூடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? புதிய விரிசலை யார் கண்டிருப்பார்கள்? அழகான கூடத்தில் உட்கார்ந்து காலைக் காப்பி அருந்திக் கொண்டிருக்கும்போதே கூரை தலைமேல் இறங்கியிருக்கும். அன்று அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது, ஒளிவு மறைவின்றி நின்ற சுவரும், அது சொன்னதை நம்பிய ஏழை ஜனங்களின் விவேகமுந்தான். தாங்கள் கண்டதைத் தாங்களே நம்பி நடந்தார்கள். அது சாமான்யமான காரியமன்று.

இரண்டு வருஷம் கழித்து, 2023 டிஸம்பர் மாதத் தொடக்கத்தில், மிக்ஜாம் புயல் மழை வந்தது. அந்த வெள்ளம் மற்ற வெள்ளங்களைப் போன்றதன்று. மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைப் பக்கத்திலிருந்து பெட்ரோலிய எண்ணெய் மழைநீரோடு கலந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலையாற்றிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவிற்று. எர்ணாவூர் முதலிய இடங்களில் வீடுகளுக்குள்ளும் அது புகுந்தது. தண்ணீர் வடிந்த பிறகு உள்சுவர்களில் நின்ற மட்டம் வரையில் கறுப்புக் கோடு. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு தானாகவே முன்வந்து இந்த விஷயத்தை விசாரணைக்கு எடுத்துக் கொண்டது. அத்தகைய கோட்டின் மேல் சுண்ணாம்பு அடித்தால் ஒட்டாது. வர்ணம் அடித்தாலும் சில நாளில் எண்ணெய் ஊறி மேலே வரும். அந்தக் கோட்டை உடனே மறைத்துவிட வேண்டும் என்ற அவசரம் மனித சுபாவம். ஆனால் நஷ்டஈடு கேட்கப் போகிறவனுக்கு அதுவே சாட்சி. மறைப்பதற்கு முன் அளந்து, படம் பிடித்து, தேதி குறித்து வைத்துக் கொள்வதே புத்திசாலித்தனம்.

நம்முடைய சுண்ணாம்பு

சுவருக்கு மூச்சு விடும் பூச்சு வேண்டும் என்றோம். அது சீமையிலிருந்து வர வேண்டிய சரக்கன்று. நம் கடற்கரைச் சரக்குத்தான். பழவேற்காடு ஏரியிலும் எண்ணூர்க் கழியிலும் கிடைக்கும் கிளிஞ்சலைச் சூளையில் சுட்டு, தண்ணீரில் நீற்றி எடுத்த சுண்ணாம்பினால் சென்னைப் பட்டணம் எழுந்தது. கடைசிப் பூச்சுக்கு மிக நுண்ணிய சுண்ணாம்பை அம்மியில் மை போல் அரைத்து, முட்டையின் வெள்ளைக்கரு, தயிர், நெய் முதலியவற்றைச் சேர்த்துப் பூசி, வழுவழுப்பான கல்லினால் மணிக்கணக்கில் தேய்த்து, மாக்கல் பொடி தூவி மெருகேற்றுவார்கள். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர்கள் அதைச் சலவைக்கல் போன்றது என்று வியந்தார்கள். "மெட்ராஸ் சுண்ணம்" என்று அதற்குப் பெயரும் வைத்தார்கள். செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் கண்ணாடி போல் மின்னும் சுவர்களை நேயர்கள் பார்த்திருப்பார்கள்.

சுண்ணாம்பின் குணம் ஆச்சரியமானது. சூளையில் வேகும்போது கிளிஞ்சல் தன்னிடமுள்ள கரியமில வாயுவை விட்டுவிடுகிறது. சுவரில் பூசிய பிறகு, அதே வாயுவைக் காற்றிலிருந்து மெல்ல மெல்லத் திரும்பப் பெற்று மறுபடியும் கல்லாகிறது. அப்படிக் கல்லான பின்பும் ஈரத்தின் ஆவி அதன் வழியே வெளியேற முடியும். உப்பின் நெருக்கத்துக்கும் அது கொஞ்சம் இளகிக் கொடுக்கும். கெட்டால் தான் கெட்டுச் செங்கல்லைக் காப்பாற்றும்.

அதன் ஆயுளுக்குத் தஞ்சைப் பெரிய கோயிலே அத்தாட்சி. 1931-ஆம் வருஷத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்ரீ எஸ். கே. கோவிந்தசாமி, கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட நடையில், நாயக்கர் காலத்துச் சித்திரப் பூச்சு உதிர்ந்த இடங்களில், அதற்கடியில் வேறு சித்திரங்கள் இருப்பதைக் கண்டுபிடித்தார். அவை இராஜராஜன் கோயிலின் சோழர் காலத்துச் சித்திரங்கள்! சென்னைப் பொருட்காட்சிசாலையைச் சேர்ந்த ரஸாயன நிபுணர் ஸ்ரீ எஸ். பரமசிவன் அவற்றை ஆராய்ந்து, ஈரச் சுண்ணாம்பின் மேல் தீட்டிய முறையை விளக்கினார். ஆயிரம் வருஷத்துச் சுண்ணாம்பு இன்னும் சுவரை விடவில்லை. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத வேண்டும் என்ற பழமொழியின் முழு அர்த்தமும் அங்கே விளங்கும்.

சிமெண்டைப் பழிப்பது என் நோக்கமன்று. அதுவும் நம் நாட்டில் வேரூன்றிய கைத்தொழில்தான். இந்தியாவிலேயே முதன்முதலாக 1904-ஆம் வருஷத்தில் இதே சென்னையில்தான் சிமெண்டு செய்யும் முயற்சி ஆரம்பமாயிற்று. தூணுக்கும் கூரைக்கும் சிமெண்டு அவசியம். ஆனால் ஈரம் ஏறும் பழைய செங்கற் சுவரின் உட்புறத்துக்கு, சுண்ணாம்பே தகுந்த வைத்தியன். கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரில் சாந்து குழைக்கத் தெரிந்த கைகள் நாளுக்கு நாள் குறைந்து வருகின்றன. அவர்களுக்கு வேலை கொடுப்பதும் ஒரு சுதேசித் தொண்டே.

செய்ய வேண்டியது என்ன?

முதலில் பரீட்சை. ஒரு சாண் சதுரப் பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் நாடாவினால் இடைவெளியின்றி ஒட்டி, இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர்த்துளி நின்றால் ஈரம் சுவரிலிருந்து வருகிறது. அறைப் பக்கத்தில் நின்றால் அறையின் காற்றே ஈரமானது. ஜன்னலைத் திறந்து வைப்பதே பாதி வைத்தியம். வெள்ளையாகப் பூத்திருப்பது உப்பா, பூஞ்சணமா என்று தெரியாவிட்டால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடுங்கள். உப்பானால் கரையும்; பூஞ்சணம் கரையாது.

விரிசலானால், அதன் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதியை எழுதி வையுங்கள். மாதம் ஒரு முறை பார்த்து வரும் பொறுப்பைப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் ஒப்புவிக்கலாம். கணக்கும் வரும், கவனமும் வரும். மயிரிழை போல் வலை பின்னிய விரிசல் பெரும்பாலும் பூச்சின் குற்றமே. ஜன்னல், வாசற்கால் மூலைகளிலிருந்து படிப்படியாகச் சாய்ந்து ஏறுவது, சுவரின் இரு பக்கமும் தெரிவது, 5 மில்லிமீட்டருக்கு மேல் அகன்றது, நாளுக்கு நாள் வளர்வது, திடீரென்று கதவு சாத்த மறுப்பது, இவை கண்டால் கொத்தனாரை விட்டுவிட்டு இஞ்சினீயரை அழையுங்கள். கண்ணெதிரே வளர்ந்தால் யாரையும் அழைக்க வேண்டாம்; முதலில் வெளியே செல்லுங்கள்.

இரண்டாவது, தண்ணீரின் மூலம். மாடிக் குழாய், குளியலறை, தண்ணீர்த் தொட்டி இவற்றைப் பார்த்த பிறகு, வாசலுக்கு வந்து தெருவைப் பாருங்கள். பழைய தார் ரோட்டைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிய ரோடு போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்து, வீடு பள்ளமாகிவிட்டது சென்னையில் சாதாரணம். அஸ்திவாரத்தின் மேல் ஓதத் தடுப்பு அடுக்கு இருந்தால் அது மண்ணுக்குள் புதைந்திருக்கும். சுவரை ஒட்டிய மண்ணைத் தாழ்த்தி, மழைநீர் வெளியே ஓட வாட்டம் கொடுக்க வேண்டும். தடுப்பு அடுக்கே இல்லாத பழைய வீடுகளில், தரைக்குச் சற்று மேலே வரிசையாகத் துளையிட்டு ஈரத்தை விலக்கும் ரஸாயன மருந்தைச் செலுத்தும் முறை இப்போது வழக்கத்தில் இருக்கிறது.

மூன்றாவது, உரித்தல். கறை தெரியும் மட்டத்துக்கு ஓரடி மேல் வரையில் பூச்சைக் கொத்தி எடுத்து, செங்கல் இணைப்புகளை அரை அங்குல ஆழத்துக்குச் சுரண்ட வேண்டும். உப்பை உலர்ந்த பிரஷ்ஷினால் துடைத்து வாரி அப்புறப்படுத்த வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போய் உட்கார்ந்து கொள்ளும். எண்ணெய் ஊறிய பூச்சைக் கழுவிச் சுத்தமாக்கலாம் என்ற ஆசை வேண்டாம். ஊறிய அளவு முழுவதையும் எடுத்துவிடுவதே வழி. பழைய எனாமல் வர்ணத்தைச் சுரண்டும்போது எச்சரிக்கை தேவை. அதில் ஈயம் இருக்கக்கூடும். வீட்டு வர்ணத்தில் 10 லக்ஷத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்ற இந்திய அரசாங்க விதி 2017 நவம்பர் முதல்தான் அமலுக்கு வந்தது. ஆகையால் பழைய வர்ணத்தை நனைத்துச் சுரண்டி, குழந்தைகளை அந்த அறைக்கு வெளியே வையுங்கள்.

நான்காவது, பொறுமை. ஓர் அங்குலக் கனம் உலர ஏறக்குறைய ஒரு மாதம் ஆகும் என்பது கட்டடக்காரர்களின் பழைய கணக்கு. தையில் உரித்து, வாரம் ஒரு முறை பூத்த உப்பைத் துடைத்து வந்தால், வைகாசியில் பூசலாம். அவசரக்காரர்கள் இங்கேதான் தோற்கிறார்கள்.

ஐந்தாவது, பூச்சு. சுண்ணாம்பு 1 பங்குக்கு மணல் 3 பங்கு. அல்லது சிமெண்டு 1, சுண்ணாம்பு 1, மணல் 6. இரண்டு தடவையாக மெல்லப் பூச வேண்டும். கடற்கரை மணலைக் கனவிலும் தொடக்கூடாது. உப்புக் கரிக்கும் ஆழ்குழாய்த் தண்ணீரில் சாந்து குழைப்பது, வெளியேற்றிய திருடனைக் கொல்லைப்புறமாக அழைப்பதற்குச் சமானம். மேலே வெள்ளை அடியுங்கள். ஒரு வருஷத்துக்காவது பிளாஸ்டிக் வர்ணத்தை நினைக்க வேண்டாம். உப்பு அதிகமான இடத்தில் சில வருஷங்களுக்கு ஒருமுறை பூச்சை மாற்ற நேரலாம். அது சுவருக்காகப் பூச்சு செய்யும் தியாகம்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் சுவரை உரிக்க முடியாது. அவர்கள் அலமாரியையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடட்டும். கறையைத் தேதியுடன் படம் பிடித்து வீட்டுக்காரரிடம் காட்டட்டும். பலகையே வேண்டும் என்று பிடிவாதம் செய்பவர்கள், உலர்ந்த சுவரின் மேல், பின்னால் இடைவெளியும் மேலும் கீழும் காற்று வழியும் விட்டு, வேண்டும்போது கழற்றிப் பார்க்கும்படி அமைத்துக் கொள்ளலாம்.

தேக்கு போயிற்று, சுவர் வந்தது

நண்பர் வீட்டில் ஓதத்தின் மூலம் இரண்டு இடத்தில் அகப்பட்டது. அடுத்த அறைக் குளியல் குழாயில் ஒரு கசிவு. தெருப்பக்கம் உயர்ந்துபோன மண் மற்றொன்று. ஸ்விட்சுப் பெட்டியை எலெக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்தார். நான்கு மாதம் கூடத்துச் சுவர் செங்கல் தெரிய நின்றது. வந்தவர்களெல்லாம் துக்கம் விசாரித்தார்கள். நண்பர் வெட்கப்படாமல் எல்லோருக்கும் காரணத்தை விளக்கினார். வைகாசியில் கிழ மேஸ்திரியே கரணை பிடித்துச் சுண்ணாம்புச் சாந்து பூசினார். அடுத்த ஐப்பசியில் நான் போனபோது கூடத்தில் வாடை இல்லை. அந்த அம்மாள் இரவில் நன்றாகத் தூங்குவதாகச் சொன்னார்கள். சுவரின் அடியில் ஓரிடத்தில் மட்டும் சிறிது உப்புப் பூத்திருந்தது. நண்பர் அதைப் பிரஷ்ஷினால் துடைத்துவிட்டு, அருகே பென்சிலால் தேதி குறித்தார்.

"தேக்கு எங்கே போயிற்று?" என்று சம்பந்தி கேட்டாராம். "தேக்கு போயிற்று, சுவர் வந்தது" என்றாராம் நண்பர்.

வீட்டுக்குச் சொன்னது நாட்டுக்கும் பொருந்தும். நம் ஊர்களில் கறைகளும் விரிசல்களும் தோன்றும்போதெல்லாம், விருந்தாளி வருவதற்குள் ஒரு திரையைக் கட்டிவிடலாம் என்று சொல்லும் கடைக்காரர்களுக்குக் குறைவில்லை. அரிவாக்குளத்து ஜனங்கள் விரிசலைக் கண்டார்கள், நம்பினார்கள், பிழைத்தார்கள். நாமும் சுவர் பேசும்போது கொஞ்சம் காது கொடுப்போம். பேச்சு முடிந்த பிறகு வெள்ளை அடிக்கலாம், அவசரமில்லை.